பிசின் நின்ற மரம்

அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் நின்றுபோனதை எங்கள் வீட்டில் ஒரு சுபகாரியம் போலப் பேசுவது வழக்கம். என் ஞானஸ்நானம், புதுக் கூரை போட்டது, அப்பாவுக்கு எரிச்சல் நின்றது. அந்த வரிசையில் அதுவும் ஒன்று. இதை எழுத உட்கார்ந்தபோது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பலமுறை யோசித்தேன். கடைசியில் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

அப்பா பெயர் கவ்ரில். மரம் வெட்டுகிறவர். எங்கள் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு. அதில் அவர் கால் படாத சரிவு இல்லை. நான் சிறுமியாக இருந்த காலம் முழுக்க அவருடைய மேல்சட்டைப் பையில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் சமையல் சோடா, கூடவே ஒரு சின்னக் கரண்டி. சாப்பிட்டு எழுந்தால் ஒரு கரண்டி, காட்டில் ரம்பத்தை நிறுத்திவிட்டு ஒரு கரண்டி, கோவிலில் பூசை நடக்கும்போதே வெளியே போய் ஒரு கரண்டி. பெரிதாக ஏப்பம் விட்டு, "ஆண்டவா, இன்னிக்கும் நெருப்ப அணைச்சிட்டே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். அம்மா வெட்கப்பட்டு முக்காட்டை முன்னால் இழுத்துக்கொள்வாள்.

ஊருக்கு மேலே, காட்டு விளிம்பில், ஓர் ஊற்று இருக்கிறது. தண்ணீர் தானாகவே குமிழி விடும். வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போல இருக்கும். வயிற்றுக்கு நல்லது என்று அடுத்த பள்ளத்தாக்குகளிலிருந்தும் ஆட்கள் கேனோடு வருவார்கள். குணமானவர்கள் தங்கள் நோயின் சாமானை ஊற்றின் மேல் நிற்கும் கம்பத்தில் அறைந்துவிட்டுப் போவார்கள். ஓர் ஊன்றுகோல், இரண்டு மூக்குக்கண்ணாடி, யாரோ இடுப்பில் கட்டியிருந்த பட்டை எல்லாம் அங்கே தொங்குகின்றன. அறைந்த பிறகு அந்த நோய்க்காக வைத்தியரிடம் போகக் கூடாது. போனால் தண்ணீரைப் பொய்யாக்கினது ஆகும். அப்புறம் மற்றவர்களுக்கும் பலிக்காது என்பார்கள்.

அப்பா பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தார். ஓர் இலையுதிர் காலத்தில் எரிச்சல் குறைந்தது. பனி விழுவதற்குள் நின்றே போனது. அவரால் நம்ப முடியவில்லை. புளித்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பிளம் சாராயம் என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிச் சோதித்துப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தில் ஆணி அடித்தார்.

கூடப் போய் ஏணியைப் பிடித்தவர் ஆர்தெமி மாமா. பக்கத்து வீடு, அப்பாவோடு சேர்ந்து மரம் வெட்டுகிறவர். அவருக்கும் நெஞ்செரிச்சல் உண்டு.

"டேய் கவ்ரில், இனிமே உன் பொண்டாட்டி சமையலக் குறை சொல்ல உனக்கு ஒரு சாக்கும் இல்லடா" என்றார்.

"உனக்குத்தான் இன்னும் இருக்கே, நீ சொல்லு."

"நான் சொன்னா அன்னிக்குக் களி கிடைக்காது."

ஈஸ்டர் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை ஊற்றுக்குத் திருநாள். ஆண்கள் தொட்டியை வடித்து, செம்பழுப்பாகப் படிந்த துருவைச் சுரண்டி, புதுப் பலகை போடுவார்கள். சாமியார் வந்து மந்திரிப்பார். பிறகு குணமானவர்களில் ஒருவர் முதல் குவளையை எடுத்து, தன்னை விட்டுப் போனது என்ன என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். டப்பா அறைந்த வருடத்திலிருந்து அந்தக் குவளை அப்பாவுக்குத்தான்.

நான் பகலில் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை செய்கிறேன். சாயங்காலம் பஸ் ஏறி டவுனுக்குப் போய் செவிலியர் வகுப்பில் உட்காருகிறேன். மற்றவர்கள் ஒருமுறை கேட்டால் போதும். எனக்கு எழுதிப் பார்த்து, வீட்டில் இன்னொரு முறை எழுதிப் பார்த்தால்தான் ஏறும். அப்போதும் சரியாகப் புரிந்ததா என்ற சந்தேகம் போகாது.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் டாக்டர் ருக்சாந்த்ரா கரும்பலகையில் ஓர் இரைப்பையை வரைந்தார்.

"இதுக்குள்ள சுரக்கிற அமிலத்துல எந்தக் கிருமியும் பிழைக்காதுன்னு ரொம்ப காலம் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு பிழைக்குது. சின்ன வயசுலயே வாய் வழியா வந்துரும். வீட்டுல எல்லாருக்கும் ஒரே கரண்டி, ஒரே குவளைன்னா போதும். அது தன்னைச் சுத்தி அமோனியா உண்டாக்கி, அந்த இடத்துல மட்டும் அமிலத்த மட்டுப்படுத்திக்கிட்டு, உட்சுவர் மேல இருக்கிற சளிக்குள்ள புகுந்துக்கும்."

கிருமியும் தன் சோடா டப்பாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறது என்று நான் ஓரத்தில் எழுதினேன். பிறகு, படிப்புக்கு இது எதற்கு என்று அடித்துவிட்டேன்.

"அதுக்கப்புறம் ஆளப் பொறுத்தது" என்றார் டாக்டர். "சிலருக்கு அமிலம் கூடும். புண்ணு வரும், வலில கத்துவாங்க, நம்மகிட்ட வருவாங்க. இன்னும் சிலருக்கு வருஷக்கணக்கா உள்ள வீங்கி வீங்கி, அமிலம் சுரக்கிற சுரப்பிகளே பட்டுப்போயிரும். உட்சுவர் மெலிஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா குடலோட தோல் மாதிரி மாறும். அதுல சிலருக்குக் கேன்சர்ல போய் முடியும். இவங்க கத்தமாட்டாங்க. அமிலமே இல்லேன்னா எரியறதுக்கு என்ன இருக்கு?"

கடைசி வாக்கியத்தை நான் எழுதவில்லை. பென்சில் நின்றுவிட்டது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது அருகே போனேன்.

"டாக்டர், எரிச்சல் தானா நின்னுட்டா, அது குணமா இருக்காதா?"

"இருக்கலாம். எத்தனையோ காரணம் இருக்கு. யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு."

"நல்லா சாப்பிடறாரா?"

"கறி வேண்டாங்கறாரு. போன குளிர்காலத்துலேருந்து அந்த வாடையே பிடிக்கலையாம். ரெண்டு வாய்ல வயிறு நிறைஞ்சுருதுங்கறாரு."

"ஆள் எப்படி இருக்காரு?"

"வெளுத்துட்டாரு. மேடு ஏறினா மூச்சு வாங்குது. வயசாகுதுன்னு நினைச்சோம்."

டாக்டரின் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியேயும் இருந்தது. அப்படியே நின்றார். "எண்டோஸ்கோப்பி பண்ணணும், சவேதா. குழாய் விட்டு உள்ள பாத்தாத்தான் தெரியும். அடுத்த மாசம் இல்ல, இந்த வாரம்."

வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் ஆர்தெமி மாமாவும் மேசையில் இருந்தார்கள். தவக்காலம் என்பதால் எல்லார் தட்டிலும் களியும் பீன்ஸும்தான். அப்பா கறி சாப்பிடாததை இந்த வாரங்களில் யாரும் கவனிக்கவே வழியில்லை. பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்ததை வரிசையாகச் சொன்னேன்.

அப்பா கோபப்படவில்லை. சிரித்தார். "பொண்ணே, உயிர் போற மாதிரி எரிஞ்சப்போ நான் டாக்டர்கிட்ட போகல. எரியாதப்போ போகச் சொல்றியே."

"படிப்பு ஏறினா இப்படித்தான்" என்றார் ஆர்தெமி மாமா. "நேத்து வரைக்கும் பால் உறைய வெச்ச பொண்ணு, இன்னிக்கு அப்பன் வயித்தத் திறந்து பாக்கணுங்குது."

"கறி பிடிக்காமப் போறது நல்லதில்ல மாமா."

"அப்போ மடத்துல இருக்கிற சந்நியாசிங்க பூராவும் நோயாளிங்களா?"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏ மனுஷா, கிறிஸ்துமசுக்கு அடிச்ச பன்னிய யாரு தின்னா? உன் பங்கு முழுக்க நாய்க்குப் போச்சு. நாய் நடக்க முடியாம நடக்குது" என்றாள்.

"வர்வரா, நீயுமா? கம்பத்துல ஆணி அடிச்சவன் நான். அந்த டப்பாவப் பாத்துட்டு எங்கெங்கிருந்தோ சனங்க வருது. இப்போ நானே போய் டாக்டர் முன்னால வாயைத் திறந்தா, தண்ணியப் பொய்யாக்கினது நானுன்னு ஆகும். மாட்டேன்."

எனக்குத் தெரிந்த ஒரே மாற்று வழியைச் சொன்னேன். மூச்சுச் சோதனை. எதையோ குடித்துவிட்டு ஒரு பைக்குள் ஊத வேண்டும். கிருமி இருந்தால் காட்டிவிடும். குழாயும் இல்லை, கத்தியும் இல்லை.

"ஊதறது வைத்தியம் ஆகாதுடா கவ்ரில்" என்றார் மாமா. "போலீஸ்காரன் ரோட்டுல நிறுத்தி ஊதச் சொன்னா ஊதறதில்லையா? அவன் என்ன டாக்டரா?"

அந்த வாதம் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. ரம்பத்துக்குச் சங்கிலி வாங்கவும் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. போய் ஊதிவிட்டு வந்தார்.

கிருமி இல்லை.

அன்று வீட்டில் தவக்காலம் போன இடம் தெரியவில்லை. மாமா சாராயப் புட்டியோடு வந்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். அப்பா என் தலையில் கை வைத்து, "படி, நல்லாப் படி. ஆனா எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு வராத" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. முதல் வருட மாணவி நான். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கே சாவு எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த வகுப்பில் டாக்டரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கிருமி இல்லேன்னா ரெண்டு அர்த்தம் உண்டு. ஒண்ணு, எப்பவுமே இல்ல. இன்னொண்ணு, இருந்துட்டுப் போயிருச்சு. அதுக்கு நல்ல உட்சுவர் வேணும். எல்லாம் பட்டுப்போய், குடல் மாதிரி மாறிட்டா, அதாலயே அங்க குடியிருக்க முடியாது. அமிலமும் இல்ல, கிருமியும் இல்ல. காகிதத்துல எல்லாம் சுத்தமா இருக்கும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படித்தான்னு சொல்லல. பாக்காமச் சொல்ல முடியாது" என்றார்.

சனிக்கிழமை ஆலை விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். கீழ்ச் சரிவில் பட்டை வண்டு விழுந்த மரங்களை அவர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா தூரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தார். அப்பா ஓர் அடிமரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ரம்பத்தை அவர் அன்று தொடவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வழியெல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். வெட்டிப் போட்டிருந்த ஒரு சாம்பல் நிற மரத்தின் பட்டையை உரித்தேன். கையோடு வந்தது. உள்ளே புழு தின்ற பாதைகள் விசிறி விசிறியாக ஓடின.

"அப்பா, இதுல ஒரு வண்டு கூட இல்லையே."

"செத்த மரத்துல வண்டுக்கு என்ன வேலை? பச்சை இருக்கிற வரைக்கும்தான். காஞ்சுட்டா அடுத்த மரத்துக்குப் போயிரும்."

"அப்போ வண்டு இல்லேங்கறதால மரம் நல்லாருக்குன்னு சொல்ல முடியாது."

"எந்த முட்டாள் அப்படிச் சொல்வான்? பிசினப் பாக்கணும் பொண்ணே. வண்டு துளை போட்டா மரம் பிசினக் கொட்டும். கொட்டினா உயிரோட சண்ட போடுதுன்னு அர்த்தம். நாத்தமடிக்கும், கையில ஒட்டும், பாக்க அசிங்கமா இருக்கும். ஆனா மரம் பிழைக்கும். பிசின் நின்னு போச்சுன்னா..."

நிறுத்திவிட்டார். நான் வண்டைப் பற்றி மட்டும்தான் யோசித்து வந்திருந்தேன். பிசின் எனக்குத் தெரியாது. அது அவரே போய்ச் சேர்ந்த இடம்.

உள்ளங்கையை நெஞ்சுக் குழியில் வைத்திருந்தார். முன்பெல்லாம் எரியும்போது வைக்கும் அதே இடம்.

"அந்த ஊதற சோதனை" என்றார். "பட்டைய உரிச்சு வண்டு தேடினது மாதிரிதானா?"

"எனக்குத் தெரியலப்பா. குழாய் விட்டுப் பாத்தாத்தான் தெரியுமாம்."

"திருநாள் வருது. இந்த வருஷமும் குவளைய நான்தான் எடுக்கணும். அது முடியட்டும். திங்கக்கிழமை உன் கூட வர்றேன். யார்கிட்டயும் சொல்லாத."

நான் வற்புறுத்தவில்லை. அந்த நாட்களால் எதுவும் மாறியிருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். அதை நான் நம்ப முயற்சி செய்கிறேன்.

திருநாள் அன்று வெயில் அடித்தது. பனி கரைந்த நீர் பாதையெங்கும் ஓடியது. பெண்கள் சிவப்பு முட்டைகளையும் ஈஸ்டர் ரொட்டியையும் கூடைகளில் கொண்டுவந்திருந்தார்கள். "கிறிஸ்து உயிர்த்தார்" என்று சந்திப்பவர்களெல்லாம் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தார்" என்று பதில் சொல்லிக்கொண்டே மேலே ஏறினோம். அப்பா மூன்று இடத்தில் மூச்சு வாங்க நின்றார். ஒவ்வோர் இடத்திலும் யாரையோ விசாரிப்பது போல நின்றார்.

கெராசிம் சாமியார் மந்திரித்து முடித்தார். அப்பா குவளையை மொண்டு உயர்த்தினார்.

"என் நெஞ்செரிச்சல் என்னை விட்டுப் போச்சு. திரும்பி வரல" என்று சொன்னார். பொய் இல்லை.

குடிக்கத் தொடங்கினார். பெரிய மரக் குவளை. பாதிக்கு மேல் இறங்கவில்லை. தொண்டை அசைவது நின்றது. வாய் நிறையத் தண்ணீரோடு கண்ணை மூடி நின்றார். ஒரே மூச்சில் குடிக்க வேண்டிய குவளை. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆர்தெமி மாமாதான் காப்பாற்றினார். "என்ன சாமி, இந்த வருஷம் குவளையப் பெருசாக்கிட்டீங்களா? காலையிலேயே என் வீட்டுல ஒரு புட்டியக் காலி பண்ணிட்டு வந்தவன் அவன், எங்க இடம் இருக்கும்?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். மீதியைத் தொட்டியிலேயே மெல்லச் சாய்த்தார். அன்று காலை அவர் எதையும் வாயில் வைத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை போனோம். மாவட்ட ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அது முடிந்து அப்பா நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எண்டோஸ்கோப்பி செய்த இளைஞரான டாக்டர், நான் செவிலியர் வகுப்பு என்று தெரிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். இரைப்பையின் உட்சுவர் ஏறக்குறைய முழுவதும் வழுவழுவென்று மெலிந்து மாறியிருந்தது. மேல் பக்கத்தில் ஒரு பெரிய புண் மேடு. கேன்சர் கல்லீரலுக்கும் பரவியிருந்தது, அது ஸ்கேனில் தெரிந்தது. அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்.

"சிகிச்சை கொடுக்கலாம். கொஞ்ச காலம் நீட்டலாம். அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன்."

நான் பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். எப்படிச் சொல்வது என்று வகுப்பில் இன்னும் நடத்தவில்லை. சொன்னேன்.

அப்பா தொப்பியை முழங்காலில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எரியவே இல்லையே, சவேதா" என்றார். "கொஞ்சம் எரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேன்."

பஸ் ஏறினோம். ஊர் வளைவு வந்ததும், "எத்தன வருஷம் சோடாவப் போட்டு அத அணைச்சேன்" என்று மட்டும் சொன்னார். சோடாவால் வந்ததல்ல, கிருமியால் வந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. எனக்கும் அந்த விளக்கத்தால் என்ன பயன் என்று தோன்றியது.

ஒரே கரண்டி, ஒரே குவளை. என்னையும் அம்மாவையும் சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் கிருமி இருந்தது. எனக்குக் குழாயும் விட்டுப் பார்த்து, உட்சுவர் இன்னும் நன்றாக இருக்கிறது என்றார்கள். பரீட்சை நாட்களில் எனக்கு நெஞ்செரிச்சல் வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அது எரியும்போது படுக்கையில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, இன்னும் எரிகிறது என்று கவனித்துக்கொள்கிறேன். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தேன். கிருமி போய்விட்டது என்று காகிதம் வந்தது. அந்தச் சொல்லை எப்படி நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். "மாத்திரை வாயெல்லாம் கசக்குது. நான் யாருக்காகப் பிழைக்கணும்?" என்றாள்.

கோடையில் அப்பா வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆர்தெமி மாமா தினமும் கேனோடு ஊற்றுக்குப் போகும் வழியில் நிற்பார்.

"இன்னும் எரியுதாடா உனக்கு?" என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

"எரியுது. ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கறேன்."

"எரியறப்பவே டவுனுக்குப் போ. இந்தப் பொண்ணு கூட்டிட்டுப் போகும். என் எரிச்சல் இந்தத் தண்ணியால போகல ஆர்தெமி. உள்ள செத்துப்போனதால எரியாம நின்னுச்சு."

அப்பா இதை ஒருவரிடம் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். மாமா கேனைக் கீழே வைத்து அவர் தோளைத் தொட்டார்.

"வலில பேசறே. சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எரிச்சல் போச்சா இல்லையா?"

"போச்சு."

"அவ்வளவுதான். தண்ணி அதோட வேலையச் செஞ்சுது. இது வேற நோய். வேற நோய்க்குத் தண்ணி என்னடா பண்ணும்?"

அவர் மேலே போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, டப்பாவைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். குறடு எடுத்துப் போய்க் கழற்றினேன். துருப்பிடித்து ஆணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தில் வெளுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. டப்பாவை அப்பா தன் மேல்சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். "இனிமே யாரும் இதப் பாத்து ஏமாற வேணாம்" என்றார்.

முதல் பனிக்கு முன்பே இறந்துபோனார்.

அடக்கத்துக்கு முன் செத்தவரின் உடைமைகளைச் சவப்பெட்டிக்கு மேலாகக் கை மாற்றித் தானம் கொடுப்பது எங்கள் வழக்கம். பாயும் தலையணையும் ஒருவருக்கு, குவளையும் தட்டும் ஒருவருக்கு. கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. கேட்டால் செத்தவருக்கு மறுமையில் அது இல்லாமல் போகும். அம்மா மேல்சட்டையை ஆர்தெமி மாமாவுக்குக் கொடுத்தாள். அவரைவிடப் பொருத்தமான ஆள் யாரும் இல்லை. நான் அப்போது மெழுகுவர்த்திகளை அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கி அங்கேயே தோளில் போட்டுக்கொண்டபோதுதான், பைக்குள் தகரம் தட்டும் சத்தம் கேட்டது.

ஒரு வார்த்தை சொல்லி வாங்கியிருக்கலாம். அப்பாவிடமிருந்து பறிப்பது போல இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த வருடம் திருநாளுக்கு மேலே ஏறினேன். கம்பத்தில் அதே வெளுத்த வட்டத்தின் மேல், புது ஆணியில், டப்பா தொங்கியது. முதல் குவளையை எடுத்தவர் ஆர்தெமி மாமா. அப்பாவின் மேல்சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. போன வருடம் போட்டிருந்தால் இறுக்கமாக இருந்திருக்கும்.

"என் நெஞ்செரிச்சல் என்னை விட்டுப் போச்சு" என்றார். "கவ்ரில் டப்பாவோட புண்ணியம்."

ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கூட்டம் ஆரவாரித்தது.

ரொட்டி பங்கிடும்போது அவர் மனைவி அக்ரிபீனா மாமி பக்கத்தில் போய் நின்றேன். "மாமி, ஈஸ்டருக்கு மாமா கறி நல்லாச் சாப்பிட்டாரா?"

"அத ஏன் கேக்கறே. ஆட்டுக்கறிய முகத்துக்கு நேரா நீட்டினேன், வாடை அடிக்குதுன்னு தள்ளி விட்டுட்டாரு. வயசான காலத்துல நாக்குக்குத் திமிரு."

நான் நேராக மாமாவிடம் போனேன். கூச்சமே இல்லாமல் எல்லார் முன்னாலும் சொன்னேன். திங்கட்கிழமை என்னோடு பஸ் ஏற வேண்டும், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றேன்.

"ஆணி அடிச்சாச்சு பொண்ணே."

"மாமா, பிசின் நின்னுபோன மரத்த நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஒரு கணம் அவர் முகம் மாறியது. அவரும் மரம் வெட்டுகிறவர்தானே. பிறகு குவளையை என்னிடம் நீட்டினார்.

"அது மரம்டி. நான் மனுஷன். குடி, உங்கப்பன் பேரச் சொல்லிக் குடி."

குடித்தேன். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். பஸ் வந்தது. டிரைவர், "ஏறப் போறியா, யாருக்காச்சும் காத்திருக்கியா?" என்று கேட்டார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வளைவில் திரும்பும்போது காட்டுப் பாதையில் மாமா தெரிந்தார். தோளில் ரம்பம். என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு மேலே நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். யாரையோ விசாரிப்பது போல நின்றார். பாதையில் வேறு யாரும் இல்லை.